மூன்றாம் பாத்தி

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அஃப்ரா ஐந்து மாடிப் படிகளையும் ஏறி முடித்தபோது, அவளுக்கு முன்பே அவளுடைய தகப்பனார் மேலே வந்து உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில், மீதமிருந்த செங்கல் அடுக்கின் மேல், தலையில் வெள்ளைத் தொப்பியோடு. விடியற்காலை சுபுஹ் தொழுகை முடிந்து வீட்டுக்குத் திரும்பாமல் நேராக இங்கே வந்திருக்க வேண்டும். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தார்.

"டீ குடிச்சீங்களா, பாவா?"

"ஆச்சு."

இரண்டு வாரமாக அன்வர் பாஷாவுக்கும் மகளுக்கும் இடையில் பேச்சு இவ்வளவுதான். கேள்வி ஒன்று, பதில் ஒன்று. பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சண்டை ஒன்றும் பெரிதில்லை. மந்தைவெளியில் இருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடி இருபத்திரண்டாயிரம் சதுர அடி. வெயில் காலத்தில் கடைசி மாடி வகுப்புகளில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். மழைக் காலத்தில் கூரை ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யும் ஒப்பந்தம் அன்வர் பாஷாவுடையது. பழைய ஓடுகளையும் அடியில் இருந்த சுண்ணாம்புக் காரையையும் பெயர்த்தெடுத்து, விரிசல்களை அடைத்து, ரப்பர் போல இழுபடும் பூச்சை வலைத்துணி வைத்து இரண்டு தடவை பூசியாயிற்று. இனி வெப்பம் தடுக்கும் பலகை, அதன்மேல் வெள்ளை ஓடு, அதற்கும் மேலே சோலார் தகடுகள். விழுகிற மழையெல்லாம் கீழே கிணற்றுக்கு.

அந்த மழை கீழே இறங்குவதற்கு எட்டுக் குழாய்கள். இந்தக் கட்டடத்தில் அவை வெளிச்சுவரில் இல்லை. கூரையைத் துளைத்துக்கொண்டு வகுப்பறை மூலைகள் வழியாகவே இறங்குகின்றன. குழாய் கூரையில் நுழையும் வாயைப் பூசுவதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமானது. ஒரு நகக்கண் அளவு தப்பினால் போதும்.

எட்டு வாயையும் தானே பூசுவதாக அன்வர் பாஷா சொன்னார். முதல் மூன்று உங்களுக்கு, மற்ற ஐந்து தம்பி ஜைதுக்கு என்று அஃப்ரா பிரித்துவிட்டாள். கோபத்துக்குக் காரணம் அதுதான். போன வருஷம் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு கிடங்கின் கூரையில் ஜைத் பூசிய வாய் ஒன்று ஒழுகியது. ஆட்கள் எல்லோரும் பார்க்க, "இவனுக்குக் கையே இல்ல" என்று சொன்னார் அன்வர் பாஷா. அன்றிலிருந்து மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். "டேய்" தான்.

"அவன் பூசற அஞ்சும் ஒழுகும். பார்த்துக்கோ." அதுவே அவர் இரண்டு வாரத்துக்கு முன் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம்.

ஒழுகுமா ஒழுகாதா என்று இன்றைக்குப் பத்து மணிக்குத் தெரிந்துவிடும்.

அஃப்ரா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். வியாழக்கிழமை பத்து மணியிலிருந்து மாடி முழுக்கத் தண்ணீர் கட்டி நிற்கிறது. மாடியை எட்டாகப் பிரித்துக் குறுக்கே சிமெண்டில் வரப்பு வைத்து, எட்டுக் குழாய் வாயையும் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்து, லாரித் தண்ணீர் விட்டு நிரப்பியிருந்தார்கள். மேஸ்திரி ஏழுமலை அதைப் பாத்தி என்பார். ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீர் நின்ற மட்டத்தைக் கைப்பிடிச் சுவரில் நீல மையால் கோடு போட்டு வைத்திருந்தாள். நாற்பத்தெட்டு மணி நேரம் நிற்க வேண்டும். நின்றால் கையெழுத்து. அவள் கையெழுத்துக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷ உத்தரவாதம்.

தண்ணீர் இன்னும் சூடேறவில்லை. இரண்டு நாளாக இதிலேயே நடந்து நடந்து அவளுடைய கால்விரல் இடுக்குகள் வெளுத்துப் போயிருந்தன. முந்தைய வேலை நந்தனத்தில், அதற்கு முன்னால் அடையாறில். வருஷம் முழுக்க யாருடைய தலைக்கு மேலேயோ நின்றுகொண்டே இருக்கிறோம் என்று தோன்றியது. எங்காவது ஒரு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கூரையை அண்ணாந்து பார்க்காமல் படுத்திருக்க வேண்டும்.

முதல் பாத்தியில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை. இரண்டாவதிலும் அதே ஒரு விரல்கடை.

மூன்றாவதில் தண்ணீர் கோட்டின் மேலேயே நின்றது.

நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எல்லாவற்றிலும் ஒரு விரல்கடை. ஜைத் பூசிய ஐந்தும் ஒரே சீராக.

கடைசியாக, தொட்டியோரம் வைத்திருந்த பக்கெட்டைப் பார்த்தாள். வியாழக்கிழமையே அதிலும் தண்ணீர் ஊற்றி உள்ளே கோடு போட்டு வைத்திருந்தாள். வெயில் குடிப்பது எவ்வளவு, கூரை குடிப்பது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஓட்டை இல்லாத ஒரு பாத்திரம் வேண்டும் அல்லவா? பக்கெட்டிலும் ஒரு விரல்கடை குறைந்திருந்தது.

நோட்டில் வரிசையாக எழுதினாள். மூன்றுக்கு எதிரே சுழி போட்டாள். போட்ட பிறகுதான் கை நின்றது.

"இன்னா எஞ்சினியரம்மா, மூணாம் நம்பரு கொஞ்சம் கூட எறங்கல போல கீது?" ஏழுமலை வரப்பின் மேல் நின்று எட்டிப் பார்த்தார். "பாய் கை வச்சா சும்மாவா. வெயிலே வாய வைக்கப் பயந்துக்கினு போயிடுச்சு பாரு."

பின்னால் நின்ற இரண்டு ஆட்கள் சிரித்தார்கள். அஃப்ரா தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தாள். யார் புகழ்ந்தாலும் மீசைக்கடியில் ஒரு சின்ன அசைவு வரும் அவருக்கு. இன்று வரவில்லை. செங்கல் ஒன்றின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் பாத்தி பார்த்துக் குடிப்பதில்லை. ஏழு பாத்தியில் குடித்த வெயில் மூன்றாவதிலும் குடித்துத்தான் இருக்க வேண்டும். குறையாமல் நிற்கிற தண்ணீர், யாரோ ஊற்றிய தண்ணீர்.

அவள் மெதுவாக நடந்து அவர் அருகில் போனாள்.

"கீழ ரூமையெல்லாம் பார்த்தீங்களா, பாவா?"

"பார்த்துட்டேன். எட்டு ரூமும் காஞ்சி கீது."

"நானும் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"அதான் பார்த்துட்டேன்னு சொல்றேன்ல. மேல வேலைய பாரு."

இரண்டு வாரத்தில் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது இப்போதுதான். அவள் தலையாட்டினாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

பாதிப் படியில் கைப்பேசி அடித்தது. அம்மா.

வீட்டில் அவர்கள் பேசுவது உருது. வேலை நடக்கிற இடத்தில் மட்டும் தமிழ்தான் பேச வேண்டும் என்பது அன்வர் பாஷா போட்ட சட்டம். ஆட்களுக்குப் புரியாத பாஷையில் பேசினால் தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பார்களாம். அதனால் அஃப்ரா குரலைத் தாழ்த்திக்கொண்டு, படியிலேயே உட்கார்ந்தாள்.

"உங்க பாவா ஏதாவது சொன்னாரா?" நஸ்ருன்னிசா அடுப்படியிலிருந்து பேசுவது தாளிக்கிற சத்தத்தில் தெரிந்தது.

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தியா? ஜைதுக்கு வேலை தர்ற மஸ்கட்காரன் இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பதில் கேக்கறான். வர்றேன்னு எழுதிட்டா ஜைத் போயிடுவான். நீ இருடான்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா போதும். இந்த மனுஷன் வாயில அது வருமா? நீயாவது கேளேன்."

"எனக்கும் அவருக்கும் டீ குடிச்சாச்சான்னுதான் பேச்சு."

"மூணு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்குங்க. அவர் அஞ்சு மணிக்கு முன்னாடியே கெளம்பிட்டாரு தெரியுமா? பச்சைத் துண்டைத் தோள்ல போட்டாரு, எங்கன்னு கேட்டேன், பதிலே இல்ல. ஜைதாவது ஏதாவது சாப்பிட்டானா? ராத்திரி காவலுக்கு வெறும் வயித்தோட போனான்."

"தெரியல அம்மா. நான் அப்புறம் பேசறேன்."

ராத்திரி காவல் ஜைத். அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாடியில் ராத்திரி முழுக்கத் தனியாக இருந்தவன் அவன். தண்ணீர் விடும் ரப்பர் குழாயும் அங்கேயே இருக்கிறது. ஆனால் மூன்றாவது அவன் பூசியது இல்லையே? தன்னுடையதை விட்டுவிட்டு அடுத்தவர் பாத்தியில் எதற்கு ஊற்ற வேண்டும்? குழப்பத்தில் வேறு பாத்தி என்று நினைத்து ஊற்றிவிட்டானா? அவன் செய்யக்கூடியவன்தான் என்று தனக்கும் ஒரு கணம் தோன்றியதே, அதுதான் அவளைச் சோர வைத்தது. ஒரு வருஷமாக வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு தனக்குள்ளும் இறங்கியிருக்கிறது.

மூன்றாம் பாத்திக்கு நேர் கீழே ப்ளஸ் டூ 'பி' வகுப்பு. கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

பெஞ்சுகளை நடுவில் தள்ளிக் குவித்து வைத்திருந்தார்கள். கரும்பலகையில் காலாண்டுத் தேர்வு அட்டவணை அழியாமல் இருந்தது. மூலையில் குழாய் இறங்கும் இடத்தில், கூரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம். அதிலிருந்து ஒரு கோடு சுவர் வழியாக இறங்கி, சுவிட்ச் பெட்டிக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது.

சத்தம் கேட்கவில்லை.

குனிந்து பார்த்தாள். தரையில், சொட்டு விழும் இடத்தில், பச்சைத் துண்டு ஒன்று நான்காக மடித்து வைத்திருந்தது. முழுக்க நனைந்து கறுப்பாகியிருந்தது. தரை வேறெங்கும் சுத்தமாகத் துடைத்திருந்தது.

அஃப்ரா ஒரு பெஞ்சை இழுத்து உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பாவா எத்தனை மணிக்கு வந்திருப்பார்? ஐந்தரை? நன்றாக வெளுத்திருக்காது. வலது கண்ணில் புரை வேறு. செல்போன் வெளிச்சத்தில் கோட்டைத் தேடிப் பிடித்து, கோடு வரைக்கும் ஊற்றியிருக்கிறார். மற்ற பாத்திகள் ஒரு விரல் இறங்கியிருப்பதை அந்த இருட்டில் பார்த்திருக்க மாட்டார். ஒரு விரல் குறைவாக விட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்தே இருக்காது. அரைகுறையாக ஒரு வேலையும் செய்யத் தெரியாதவர். பொய்யையும் கோடு வரைக்கும் நிரப்பிவிட்டார்.

கதவருகில் நிழலாடியது. ஜைத்.

"ஆபா, ஓடு லாரி பன்னண்டு மணிக்குள்ள வந்துடும். கேட்டைத் தொறந்து வைக்கச் சொல்லிட்டேன்." உள்ளே வந்தவன் அக்கா பார்த்த திசையில் பார்த்தான். துண்டைப் பார்த்தான். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

அவன் இன்னொரு பெஞ்சின் மேல் உட்கார்ந்தான். இருபத்தேழு வயது. சவரம் செய்யாத முகம், இரவு கண் விழித்த சிவப்பு.

"தண்ணி விழற சத்தம் கேட்டு முழிச்சேன். தொட்டிக்குப் பின்னால படுத்திருந்தேன். பாவா மூணாம் பாத்தில ரப்பர் குழாயைப் பிடிச்சிக்கினு நின்னாரு."

"எழுந்து ஏன் கேக்கல?"

"எழுந்தா, நான் பார்த்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுடும், ஆபா."

மேலே யாரோ தண்ணீரில் நடக்கும் அதிர்வு லேசாகக் கேட்டது. இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

"போன வருஷம் உன்னை அத்தனை பேர் முன்னாடி பேசினாரு," என்றாள் அஃப்ரா. "உன்னுது அஞ்சும் நின்னுடுச்சு. தெரியுமா? ஒரே சீரா நிக்குது."

"தெரியும். தினம் நாலு தடவை போய்ப் பார்த்தேன்." லேசாகச் சிரித்தான். "பரீட்சை ரிசல்ட் பாக்கற மாதிரி."

"நான் கையெழுத்து போட மாட்டேன்டா. மேல ஓடு போட்டுட்டா இந்த வாயை யாராலயும் தொட முடியாது. இங்க சுவிட்ச் பெட்டி. பிள்ளைங்க உட்கார்ற இடம்."

"நீ போடாத. யாரு போடச் சொன்னது?" அவன் எழுந்து நின்றான். "அவரு பேரை மட்டும் சொல்லாத."

"கேட்டா என்ன சொல்றது?"

அவன் கீழே குனிந்து துண்டை எடுத்தான். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நன்றாகப் பிழிந்துவிட்டு, மறுபடியும் நான்காக மடித்து அதே இடத்தில் வைத்தான்.

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பள்ளியின் நிர்வாகி ராகவேந்திரன் குடையை ஊன்றிக்கொண்டு மாடிக்கு வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கமிட்டியில் பாதிப் பேர் சும்மா வெள்ளையடித்தால் போதும் என்றபோது, ஆறு மாதம் பேசிப் பேசி இந்த வேலைக்கு ஒப்புதல் வாங்கியவர் அவர்தான்.

"அஞ்சு மாடி, பாய். என் முழங்காலுக்கும் சேர்த்து ஒரு கோட்டிங் போட்டு விட்டுடுங்கோ." மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "மேல என்னடான்னா இவ்ளோ தண்ணி நிக்கறது. எங்காத்துக் குழாயைத் திறந்தா காத்துதான் வர்றது."

ஆட்கள் சிரித்தார்கள். அன்வர் பாஷா எழுந்து, சுருட்டியிருந்த கால்சட்டையை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ராகவேந்திரன் கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். மூன்றாவதில் நின்றார்.

"அடேயப்பா. இதுல சொட்டுக்கூடக் கொறையலையே. இந்த எடத்தைப் பூசினது யாரு?"

"பாய்தான் சார்," என்றார் ஏழுமலை.

"பேஷ்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அஃப்ராவிடம் நீட்டினார். "போட்டுடும்மா. திங்கக்கிழமை ஸ்கூல் திறக்கறது. நாளைக்கே ஓடு ஆரம்பிச்சுட்டா மழைக்கு முன்னாடி முடிஞ்சுடும்."

அவள் பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை.

"போட முடியாது சார்."

"ஏம்மா?"

"இந்த பக்கெட்ல ஓட்டை இல்ல. ரெண்டு நாள்ல வெயிலுக்கு ஒரு விரல் கொறைஞ்சிருக்கு. ஏழு பாத்தியிலயும் அதே ஒரு விரல். மூணாவதுல மட்டும் கொறையலன்னா, அது நின்ன தண்ணி இல்ல சார். கொறைஞ்சப்புறம் யாரோ ஊத்தின தண்ணி." நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "கீழ ப்ளஸ் டூ ரூம்ல ஒழுகுது. சுவிட்ச் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்துக்கு ஈரம் வந்திருக்கு. மூணாவதை வடிச்சு, வாயைத் திரும்பப் பூசி, மறுபடியும் நாற்பத்தெட்டு மணி நேரம் வைக்கணும். ஓடு அதுக்கப்புறம்தான்."

ராகவேந்திரன் பேனாவை மெதுவாக மூடினார். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. அதுவே கஷ்டமாக இருந்தது.

"ஊத்தினது யாரு?"

ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஒன்று வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் கிளம்பிப் போனது. அஃப்ரா தகப்பனாரைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். பார்த்தாள். அவர் கட்டிய கையை அவிழ்க்காமல் தன் கால் பெருவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார்," என்றான் ஜைத்.

ஏழுமலை நிமிர்ந்து பார்த்தார்.

"ராத்திரி காவல் நான்தான். தண்ணி எறங்கினது தெரிஞ்சுது. லேட்டாயிடுமேன்னு ஊத்திட்டேன்."

"ஏம்ப்பா," என்றார் ராகவேந்திரன். "அந்த ரூம்ல அம்பத்திரண்டு கொழந்தைகள் உக்காரறதுகள். தெரிஞ்சுண்டே எப்படிப்பா பண்ணினே?"

ஜைத் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாய், ஒங்களை நம்பித்தான் நான் கமிட்டில அத்தனை பேசினேன். ஒங்க வேலைல எனக்குச் சந்தேகம் இல்லை. ரெண்டு நாள் கூட ஆனாலும் ஆகட்டும், சரியாப் பண்ணிக் குடுங்கோ. ஆனா இந்தப் பிள்ளை இனிமே இந்த மாடிக்கு வரப்படாது."

எல்லோரும் அன்வர் பாஷாவைப் பார்த்தார்கள்.

"சரி சார்," என்றார்.

அஃப்ராவுக்குக் காதில் விழுந்தது. விழுந்தும் நம்ப முடியவில்லை. அவள் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். ஜைத் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைக்கக்கூட இல்லை, வெறுமனே பார்த்தான். இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"லாரிக்காரனுக்கு போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடறேன், ஆபா."

படியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து ராகவேந்திரனும் குடையை ஊன்றிக்கொண்டு இறங்கினார். ஆட்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி ஏழுமலை கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவர் அன்வர் பாஷாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில், காலையில் இருந்த சிரிப்பு இல்லை.

இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

அன்வர் பாஷா மூன்றாம் பாத்திக்குள் இறங்கினார். குனிந்து, குழாய் வாயிலிருந்த சாக்கைப் பிடித்து இழுத்தார். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை களிமண்ணோடு பிய்த்துக்கொண்டு வந்தது. தண்ணீர் சுழன்று உள்ளே இறங்கத் தொடங்கியது. வடிந்து முடிய இருபது நிமிடம் ஆயிற்று. வெயில் ஏறியிருந்தது, மற்ற பாத்திகளில் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது.

தரை தெரிந்ததும் அவர் குழாய் வாயருகில் மண்டியிட்டார். கட்டைவிரலால் சுற்றிலும் தடவினார். ஒரு சுற்று. மறுபடியும் ஒரு சுற்று.

"எங்க?" என்றார்.

அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஒரு பக்கம் வலைத்துணி குழாய்க்குள் மடங்காமல், பூச்சு உதடு போலத் தூக்கிக்கொண்டு நின்றது. அவருடைய விரல் அதன் மேலேயே போய்வந்தது.

"இப்ப தொட்டீங்களே, பாவா. அதான்."

அவர் கையை எடுக்கவில்லை. பிறகு, வேலை நடக்கிற இடத்தில் முப்பது வருஷமாக அவர் பேசாத உருதுவில், தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆறு மாசமா விரல்ல ஒண்ணும் தெரியறதில்ல. சூடு தெரியுது. சொரசொரப்பு தெரியல."

அம்மாவுக்குத் தெரியுமா, டாக்டரிடம் காட்டினீர்களா, ஏன் சொல்லவில்லை. கேட்க நிறைய இருந்தது. எதையும் கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை. அவள் போய் அவருக்கு எதிரில் ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

அவர் பக்கத்து வரப்பின் மேல் கிடந்த பிரஷ்ஷை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"நீ பூசு. யாருக்கும் தெரிய வேணாம்."

"எனக்கு இந்த வேலை தெரியாது, பாவா. தண்ணி ஓடற வாட்டம் பார்க்கத் தெரியும், அளந்து எழுதத் தெரியும். கை வேலை தெரிஞ்சவன் அஞ்சு பூசினான். அஞ்சும் நிக்குது. அவனைத்தான் இப்ப கீழ அனுப்பினீங்க."

பிரஷ் அவர் கையிலேயே இருந்தது.

"சாரு அவன் வரக்கூடாதுன்னுட்டாரே."

"யாரு ஊத்தினாங்கன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் போய்ச் சொல்லப் போறதில்ல. ஜைதும் சொல்ல மாட்டான். அவன் மஸ்கட்டுக்குப் போனா, வாங்கிக்கிட்ட கெட்ட பேரோட போவான்."

அவர் அவளையே பார்த்தார். வலது கண்ணில் புரை சாம்பல் பூத்தது போலத் தெரிந்தது. பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். வரப்புகளைத் தாண்டி, தண்ணீரில் கால் இழுபட, தெருப்பக்கக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் நடந்தார். அஃப்ரா பின்னாலேயே போனாள்.

கீழே கேட் ஓரத்தில் ஜைத் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டை இன்னும் மாட்டவில்லை. கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தான், அல்லது எழுதிக்கொண்டிருந்தான். இங்கிருந்து தெரியவில்லை.

அன்வர் பாஷா சுவரில் இரண்டு கையையும் வைத்தார். உதடு பிரிந்தது. "டேய்" என்றுதான் வரப்போகிறது என்று அவள் நினைத்தாள்.

"ஜைத்," என்றார்.

ஐந்து மாடிக்குக் கீழே கேட்கிற குரல் இல்லை அது. கீழே அவன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான்.

அஃப்ரா சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாம். அவள் குரல் தெரு முனை வரைக்கும் போகும். கூப்பிடவில்லை. இன்னொரு தடவை அவரே கூப்பிடட்டும் என்று, சுவரோரமாக, அவர் பக்கத்தில் நின்றாள்.